கார் பில்லரை அலுமினியத்தில் செய்தால் எடை மூன்றில் ஒரு பங்காகக் குறையுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: எஃகின் அடர்த்தி 7.85, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. அப்படியென்றால் காரின் ஏ பில்லரையும் (முன் கண்ணாடியின் இரு பக்கமும் கூரையைத் தாங்கும் தூண்) பி பில்லரையும் (முன், பின் கதவுகளுக்கு நடுவே உள்ள தூண்) அலுமினியத்துக்கு மாற்றினாலே எடை மூன்றில் ஒரு பங்காகிவிடாதா, இறுதியாண்டு புராஜெக்டாக இதை எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம், நல்ல தலைப்பு. ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கை நம்பி ஆரம்பிக்காதீர்கள். கார் பாடி வடிவமைப்பில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மொத்த பாடியிலும் அலுமினியத்துக்கு மிகக் கடினமான இடம் பில்லர்தான். பானட், கூரைத் தகடு போன்றவற்றில் அது சுலபமாக ஜெயிக்கும். வளைவை எதிர்க்க தகட்டின் தடிமனை 1.44 மடங்கு ஆக்கினால் போதும், எடை பாதியாகிவிடும். பில்லர் அப்படி இல்லை. அங்கே எடையைத் தீர்மானிப்பது குறுக்குவெட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது என்பதுதான்.

காரணம், அலுமினியத்தின் அடர்த்தி மட்டுமா மூன்றில் ஒரு பங்கு? யங் மாடுலஸும் (உலோகம் எவ்வளவு விறைப்பானது என்று காட்டும் எண்) அதேதான். எஃகுக்கு 210 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. எந்த அலாய் (உலோகக் கலவை) எடுத்தாலும் இந்த 70 பெரிதாக மாறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மி.மீ. சதுரக் குழாய், எஃகு, சுவர் 1.5 மி.மீ. மீட்டருக்கு எடை சுமார் 2.75 கிலோ. இதே வளைவு விறைப்பை அதே 60 மி.மீ. வெளி அளவுக்குள் அலுமினியத்தில் கொண்டுவர சுவர் 5.5 மி.மீ. ஆக வேண்டும். எடை 3.25 கிலோ. ஆமாம், எஃகைவிட அதிகம். தடிமன் முழுக்க உள்பக்கமாகவே ஏறுவதால் அந்த உலோகம் நடுக்கோட்டுக்கு அருகில் போய்விடுகிறது, விறைப்புக்கு அவ்வளவாக உதவுவதில்லை. இப்போது வெளி அளவை 70 மி.மீ. ஆக்குங்கள். சுவர் 3 மி.மீ. போதும், எடை 2.16 கிலோ. 75 மி.மீ. கொடுத்தால் 1.84 கிலோ. வெறும் 15 மி.மீ. இடம் கிடைத்ததும் மூன்றில் ஒரு பங்கு எடை போய்விட்டது, கவனியுங்கள்.

அந்த 15 மி.மீ.யை யார் தருவார்கள்? இங்கேதான் பில்லரின் சிக்கல். ஏ பில்லர் டிரைவரின் பார்வையை மறைக்கும். ஐ.நா. விதி 125இன்படி ஒரு ஏ பில்லர் மறைக்கும் கோணம் 6 டிகிரியைத் தாண்டக்கூடாது. பி பில்லருக்குள் சீட் பெல்ட்டைச் சுருட்டும் ரிட்ராக்டர் உட்கார வேண்டும், பின் கதவின் கீல் பிடிக்க வேண்டும், முன் கதவின் பூட்டும் அதில்தான். வெளியே கதவு, உள்ளே டிரிம் (உட்புற மூடி). தடிமனைக் கூட்டினால் ஏறி இறங்கும் வழி குறுகும், பயணியின் தோளுக்கும் பில்லருக்கும் நடுவே உள்ள இடைவெளியும் குறையும்.

ஹோண்டா என்எஸ்எக்ஸைப் பாருங்கள். 1990இல் முழு அலுமினிய மோனோகாக் பாடியோடு (தனிச் சட்டம் இல்லாமல் பாடியே பாரம் தாங்கும் அமைப்பு) வெளிவந்த கார் அது. அதன் இரண்டாம் தலைமுறையிலும் ஃபிரேமில் பெரும்பகுதி அலுமினியம்தான். ஆனால் ஏ பில்லருக்கு மட்டும் முப்பரிமாணத்தில் வளைத்துக் கடினப்படுத்திய 1500 மெகாபாஸ்கல் எஃகுக் குழாயைப் போட்டார்கள். பில்லர் ஒல்லியாக இருக்க வேண்டும், சாலை தெரிய வேண்டும், அதனால். ஆடி ஏ8 கதையும் இதேதான். 1994இல் அலுமினிய ஸ்பேஸ் ஃபிரேமை (எலும்புக்கூடு போன்ற தாங்கு சட்டம்) பெரிய அளவில் கொண்டுவந்ததே அவர்கள். 2010 தலைமுறையில் பி பில்லரை மட்டும் சூடாக அச்சடித்த எஃகுக்கு மாற்றினார்கள், மீதி பாடி ஏறக்குறைய முழுக்க அலுமினியம். 2017 மாடலில் பயணிகள் கூண்டுக்கு இன்னும் அதிகமாக எஃகு வந்தது. அலுமினியத்தை நன்றாகத் தெரிந்தவர்களே பில்லரில் பின்வாங்கியதை அவர்களுடைய தோல்வி என்று நினைக்காதீர்கள். எந்த உலோகத்தை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்து எடுத்த முடிவு அது.

விறைப்பு முடிந்தது, அடுத்து வலிமை. சூடாக அச்சடித்த போரான் எஃகின் யீல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்) சுமார் 1000 மெகாபாஸ்கல். 6082-டி6 அலுமினியத்துக்கு (6000 வரிசை அலாய்; டி6 என்பது சூடாக்கிக் கடினப்படுத்திய நிலை) 260 என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 60 மி.மீ. எஃகுக் குழாய் தாளில் 6.7 கிலோநியூட்டன் மீட்டர் தாங்கும், 70 மி.மீ. அலுமினியக் குழாய் 4.5தான். இதைப் பார்த்ததும் அலுமினியத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எஃகின் 1.5 மி.மீ. சுவர் யீல்டை எட்டுவதற்கு முன்பே உள்ளே குழியத் தொடங்கிவிடும், அந்த 6.7 முழுதாக ஒருபோதும் கையில் வராது. 3 மி.மீ. அலுமினியச் சுவர் அப்படிக் குழியாது. இந்த இரண்டையும் ஒப்பிடும் பகுதிதான் உங்கள் புராஜெக்டிலேயே சுவையானதாக இருக்கும். பல மாணவர்கள் யீல்டு எண்களை மட்டும் அட்டவணை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

எக்ஸ்ட்ரூஷன் (அலுமினியத்தைச் சூடாக்கி அச்சின் வழியே பிதுக்கி எடுக்கும் குழாய்) எடுத்தால் இன்னொரு வசதி உண்டு. உள்ளே குறுக்குச் சுவர் போட்டு இரண்டு மூன்று அறைகளாகப் பிரிக்கலாம், மோதும் பக்கச் சுவரை மட்டும் தடிமனாக்கலாம். எஃகுத் தகட்டில் இது நடக்காது. குறை என்னவென்றால் நீளம் முழுக்க ஒரே குறுக்குவெட்டுதான் வரும். பி பில்லருக்கோ மேலே கெட்டியாகவும் அடியில் கொஞ்சம் இளக்கமாகவும் இருக்க வேண்டும். பக்கவாட்டு மோதலில் அது மார்புக்கோ தலைக்கோ நேராக மடங்காமல், இடுப்புக்குக் கீழே மடங்க வேண்டும். எஃகில் அடிப்பகுதியை மெதுவாகக் குளிரவிட்டு இளக்குகிறார்கள். அலுமினியத்தில் நீங்கள் அடிப்பகுதியை வார்ப்பாகச் செய்து மேலே எக்ஸ்ட்ரூஷனை இணைக்க வேண்டியிருக்கும்.

சரி, இணைப்பு. டி6 நிலையில் உள்ள 6000 வரிசை அலாயை மிக் வெல்டிங் (கம்பியை உருக்கி இணைக்கும் மின் வெல்டிங்) செய்தால் வெல்டை ஒட்டிய பகுதியில் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் முடிந்தவரை துளையிடாமல் அடிக்கும் ரிவெட்டும் ஸ்ட்ரக்சுரல் பசையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள், வெல்டு தவிர்க்க முடியாவிட்டால் வளைவு குறைவான இடத்தில் வையுங்கள். எஃகோடு சேரும் இடத்தில் பசை அரிப்பையும் தடுக்கும். பெயின்ட் அடுப்பையும் மறக்க வேண்டாம். 180 டிகிரிக்குப் போகும்போது ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 3.7 மி.மீ. நீளும், எஃகு 1.9 மி.மீ.தான். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் அடுப்பிலிருந்து வெளியே வரும்போதே ஃபிளாஞ்ச் (இணைப்புக்காக விடும் ஓர விளிம்பு) அலை அலையாக நெளிந்திருக்கும், பசை இறுகும் முன்பே விலகியிருக்கும்.

என் யோசனை: மேல் ஏ பில்லரை விட்டுவிடுங்கள். கதவுக் கீல் பிடிக்கும் கீழ் ஏ பில்லரையும் அது சில்லோடு (கதவுக்கு அடியில் ஓடும் நீளச் சட்டம்) சேரும் மூட்டையும் எடுங்கள். அங்கே குறுக்குவெட்டுக்கு இடம் உண்டு, பார்வையை மறைக்கும் பிரச்சினையும் இல்லை. ஏழெட்டு எஃகுத் துண்டுகளின் வேலையை ஒரே வேக்குவம் டை காஸ்டிங் (காற்றை உறிஞ்சிய அச்சில் செய்யும் வார்ப்பு) பார்த்துக்கொள்ளும். மேல் பில்லர்தான் வேண்டும் என்று கைடு வற்புறுத்தினால், முதலில் பேக்கேஜ் வரைபடத்திலிருந்து (எந்த பாகத்துக்கு எவ்வளவு இடம் என்று காட்டும் வரைபடம்) அதிகபட்ச வெளி அளவை வாங்கிக்கொண்டு, அமெரிக்க விதி 216ஏ கூரை நசுக்கல் சோதனையை சிமுலேஷனில் ஓட்டுங்கள். காரின் எடையைப்போல் மூன்று மடங்கு விசையை 127 மி.மீ. நகர்வுக்குள் தாங்க வேண்டும். 1500 கிலோ காருக்கு ஒரு பக்கத்துக்கு 44 கிலோநியூட்டன். அதில் அலுமினியமும் எஃகும் எத்தனை கிலோவில் தேறுகின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், வைவாவில் கேட்கப்படும் பாதிக் கேள்விகளுக்கு அந்த ஒரு வரைபடமே பதில் சொல்லிவிடும்.