துக்கம் விசாரிக்க ஒரு வரி போதுமா?

இந்த முறை வந்த கேள்விகள் பலவும் ஒரே தெருவைத்தான் சுற்றி வருகின்றன. பக்கத்து வீட்டில் வளர்ந்தவரோ, கூடப் படித்தவரோ, பாடம் எடுத்தவரோ ஊரில் இறந்துபோகிறார். சேதி பெங்களூருக்கும் துபாய்க்கும் போனில் வந்து சேர்கிறது. அதற்கப்புறம் என்ன எழுதுவது, என்ன செய்வது? வட ஆற்காட்டுப் பக்கத்து வழக்கத்தை வைத்துப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவன் போன வாரம் தவறிவிட்டான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் 'ஆழ்ந்த இரங்கல்' போட்டிருக்கிறார்கள். இதை அப்படியே அவன் மனைவிக்கு அனுப்பலாமா? (குடியாத்தத்தைச் சேர்ந்த வாசகர், ஓசூர்)

பதில்: வேண்டாம். அந்த அம்மாவுக்கு உங்களில் பத்துப் பேரைக்கூடத் தெரிந்திருக்காது. கைகூப்பிய பொம்மைகளும் ஒரே வரியும் நூறு முறை வந்தால் படிக்க மாட்டார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

தனியாக எழுதுங்கள், ஏழெட்டு வரி போதும். முதலில் நீங்கள் யார் என்பதைச் சொல்லுங்கள்: இனிஷியலோடு பெயர், எந்த வருஷம், எந்த வகுப்பு, எந்தத் தெரு. அடுத்து அவரைப் பற்றி ஒரே ஒரு சம்பவம். அந்த வீட்டுக்காரர்கள் பார்த்திராத வயதில் நடந்ததாக இருந்தால் நல்லது. குணத்தைப் பட்டியல் போட வேண்டாம், சம்பவமே சொல்லிவிடும். கடைசியில் உங்களால் செய்ய முடிந்த ஒரு காரியம். மாதிரிக்கு:

'அண்ணி, நான் உங்கள் வீட்டுக்காரரோடு 1984-லிருந்து 86 வரை ஒன்பதாவது, பத்தாவது படித்தவன். நெல்லூர்பேட்டையில் இருந்தோம். ஒரு வருஷம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றைக்குக் கூட்டத்தில் என் செருப்பு ஒன்று போய்விட்டது. அவர் தன் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். வைகாசி முதல் தேதி வெயிலில் தார் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கேட்டதற்கு, எனக்குக் கால் தடிமன் என்றார். ஆபீஸ் வேலையாக வேலூர் போக வேண்டியிருந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் நான் ஊரில்தான் இருக்கிறேன்.'

கவனித்தீர்களா, நீங்கள் 'அவன்' என்று கூப்பிட்டவர் மனைவிக்கு எழுதும்போது 'அவர்' ஆகிவிடுகிறார். அவருடைய அம்மாவுக்கு எழுதினால் 'அவன்' என்றே எழுதலாம், அதுதான் அந்த அம்மாவுக்கு இதமாக இருக்கும். பட்டப்பெயர் விஷயத்தில் ஜாக்கிரதை. அவரே தன் வீட்டில் சொல்லிச் சிரித்த பெயராக இருந்தால் சரி. உடம்பையோ சாதியையோ வைத்து வந்ததென்றால் அது வகுப்போடு இருக்கட்டும். 'எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்' என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. சனிக்கிழமை வேலூர் என்று எழுதினால் கேட்பார்கள்.

கேள்வி: படத்திறப்புக்கு அவருடைய பள்ளிக்கூட வயதுப் படம் வேண்டும் என்கிறார் மகன். எங்களிடம் இருப்பது வகுப்பு குரூப் போட்டோ மட்டும், அதுவும் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்து எடுக்கலாமா? (வாசகி, ஆற்காடு)

பதில்: பிரிக்கவே பிரிக்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் போட்டோவின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போகும், வெள்ளைத்தாள் உங்கள் கையில் நிற்கும்.

பின்பக்க அட்டையை மட்டும் எடுத்துவிட்டு, கண்ணாடியோடேயே ஸ்கேனரில் கவிழ்த்து 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கணக்கு இதுதான்: குரூப் போட்டோவில் ஒரு முகம் சுமார் 1 செ.மீ. அகலம். 600-ல் ஸ்கேன் செய்தால் அதில் 236 புள்ளிகள் கிடைக்கும். தூரத்திலிருந்து பார்க்கும் ஃபிளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 75 புள்ளி போதும் என்பதால், முகத்தை 3 அங்குல அகலம் வரை பெரிதாக்கலாம். கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்ட்டுக்கு 300 வேண்டும். அங்கே முக்கால் அங்குலம்தான். அதற்கு மேல் இழுத்தால் கண்ணும் மூக்கும் கரைந்துபோகும். ஆகவே மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: தனி முகத்தைப் பெரிதாக்காமல், அந்த வரிசையில் அவருக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நாலைந்து பேரோடு சேர்த்து வெட்டிப் போடுங்கள். பார்க்கவும் அதுதான் நன்றாக இருக்கும்.

ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோரம் வைத்து போனில் எடுக்கலாம். ஃபிளாஷ் கூடாது. கண்ணாடியில் உங்கள் உருவம் தெரியாமலிருக்க உங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுங்கள். கிட்டப் போய் எடுத்தால் ஓரம் வளையும். ஒரு மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கடைக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருக்கிவிடும்.

படத்தைத் தெளிவாக்கித் தருகிறேன் என்கிற ஆப்களை நம்ப வேண்டாம். இல்லாத கண்ணை அவை தாமாக வரைந்துவிடும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் வேறு யாரோவாக இருக்கும்.

கேள்வி: நண்பர்கள் சார்பில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போடுகிறோம். கவனிக்க வேண்டியது என்ன? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: எழுத்துப் பிழை. 'கன்னீர்', 'இரங்கள்' இரண்டும் ஊர்ச் சுவர்களில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும். அதைவிடக் கொடுமை 'இரைவனடி சேர்ந்தார்'. இரை என்றால் தீனி. 'அன்னாரைப் பிரிந்து' என்பதில் ப் விழுந்துவிடாமல் பாருங்கள். பல டி.டி.பி. கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான். நீங்கள் போனில் அடித்து அனுப்பியதை அவர்கள் மாற்றும்போது 'கொ', 'கோ' உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். நீங்கள் அனுப்பியது சரியாக இருந்ததே என்று இருந்துவிடாதீர்கள். மாற்றிய பிறகு வரும் புரூஃபைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் இரண்டு பேர், ஒருவர் வாய்விட்டுப் படிக்க.

அடுத்தது தேதி. 'தோற்றம்' என்று போட்டுப் பள்ளிச் சான்றிதழ் தேதியை எழுதிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வயது சரியாக வரவேண்டுமே என்று தலைமை ஆசிரியர் குறித்த தேதிதான் பலருக்கும் பிறந்த நாள். ஒரு வகுப்பில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பது அதனால்தான். வீட்டில் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்கும் நிச்சயமில்லை என்றால் வருஷம் மட்டும் போதும்.

மறைவுத் தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. விடியற்காலை 3 மணிக்கு உயிர் போனால் ஆங்கிலத் தேதி நள்ளிரவிலேயே மாறியிருக்கும். பஞ்சாங்கக் கிழமை சூரியன் உதித்த பிறகுதான் மாறும். போஸ்டரில் ஒரு நாள், காரியப் பத்திரிகையில் இன்னொரு நாள் வருவது இப்படித்தான். நேரத்தையும் திதியையும் அன்றைக்கே ஒரு தாளில் குறித்து வீட்டில் கொடுத்துவிடுங்கள், வருஷத் திதிக்கும் அது வேண்டும்.

அளவு 15-க்கு 20 அங்குலம் போதும். ஐம்பதுக்குள் என்றால் டிஜிட்டல் பிரிண்ட் போடுங்கள். ஆஃப்செட்டில் பத்து அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான். பேனர் வைப்பதானால் உள்ளாட்சி அனுமதி வேண்டும். எங்களைக் கேட்டால், உயிரோடு இருப்பவர்கள் இருபது பேரின் படத்தை இறந்தவர் படத்தைச் சுற்றிப் போடுவதை விட்டுவிடலாம். பெயர் போதும்.

கேள்வி: போஸ்டரில் சொந்த ஊருக்குக் கீழே எந்த மாவட்டம் போடுவது? எங்கள் சான்றிதழ்களில் எல்லாம் வட ஆற்காடு என்றிருக்கிறது. (வாசகர், சோளிங்கர்)

பதில்: 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. சோளிங்கர், அரக்கோணம், வாலாஜா, ஆற்காடு இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, காட்பாடி வேலூரில். ஆரணி, செய்யாறு திருவண்ணாமலையில். அரசாங்கக் காகிதத்துக்கு இன்றைய மாவட்டம். நினைவு மலரில் வட ஆற்காடு என்றே போட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: இறப்புச் சான்றிதழ் வாங்க உதவுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஊர் பேர்ணாம்பட்டு, இறந்தது வேலூர் ஆஸ்பத்திரியில். எங்கே போவது? (வாசகர், காட்பாடி)

பதில்: இறந்த இடம் எதுவோ அங்கே. சொந்த ஊர் கணக்கில் வராது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் வேலூர் நகர வளாகத்தில் என்றால் வேலூர் மாநகராட்சி, அதே சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகத்தில் என்றால் மாவட்டமே வேறு. ஆஸ்பத்திரி சாவை அவர்களே தெரிவித்துவிடுவார்கள், பெயர் எழுத்து சரியாகப் பதிவாகிறதா என்று ஆதாரைக் காட்டிப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. கிராமத்து வீட்டில் நடந்த சாவு என்றால் 21 நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் வீட்டார் சொல்ல வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாளும் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. துக்கத்தில் இந்த 21 நாளைத் தவற விடுபவர்கள்தான் அதிகம். வாரிசுச் சான்று, பென்ஷன், பேங்க் எல்லாம் இந்த ஒரு தாளுக்காகக் காத்திருக்கும்.

கேள்வி: எங்கள் வகுப்பு நண்பர் மேல்விஷாரத்து முஸ்லிம். மலர் வளையத்தோடு போகலாமா? அவர் மனைவியைப் பார்த்து ஆறுதல் சொல்லலாமா? (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: மலர் வளையம் வேண்டாம், விளக்கு, ஊதுபத்தியும் வேண்டாம். சேதி வந்ததும் கிளம்புங்கள், பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம் ஆகிவிடும். ஜனாஸா தொழுகையின்போது (இறந்தவருக்காகத் தொழுவது) ஒதுங்கி நின்றால் போதும். சந்தூக்கை, அதாவது உடலை வைத்திருக்கும் பெட்டியை, தூக்கத் தோள் கொடுப்பதும், கூப்பிட்டால் மூன்று பிடி மண் போடுவதும் தப்பில்லை, அந்த வீட்டுப் பெரியவர் முகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். மய்யித்தை (இறந்தவர் உடலை) படம் எடுக்காதீர்கள். மனைவி 4 மாதம் 10 நாள் இத்தாவில், அதாவது கணவரை இழந்தவர் துக்கம் காக்கும் காலத்தில் இருப்பார். அந்நிய ஆண்கள் நேரில் போய்ப் பார்க்கும் வழக்கமில்லை. கடிதம் எழுதி மகனிடமோ அவருடைய அண்ணன் தம்பியிடமோ கொடுங்கள், அல்லது உங்கள் வீட்டுப் பெண்கள் போய் வரட்டும். படத்திறப்பு என்ற பேச்சையும் அங்கே எடுக்க வேண்டாம்.

கிறிஸ்தவர் வீட்டுக்கு மலர் வளையம் கொண்டுபோகலாம். கத்தோலிக்கர் என்றால் 30-ஆம் நாள் பூசை எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்குப் போங்கள். அடக்கத்துக்கு வர முடியாதவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

கேள்வி: குடும்பத்துக்குப் பணம் திரட்டுகிறோம். அவருடைய போன் நம்பருக்கே ஜி-பேயில் போடச் சொல்லிவிட்டார் ஒருவர். சரியா? (வாசகி, திருப்பத்தூர்)

பதில்: உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இறந்தது பேங்குக்குத் தெரிந்ததும் அந்தக் கணக்கை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் அனுப்பியதும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். நாமினி இல்லாவிட்டால் வாரிசுச் சான்று வந்து, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே வரும். மனைவி பெயரில் கணக்கு இருந்தால் நேரே அதற்கு அனுப்புங்கள். இல்லையென்றால் குழுவில் இரண்டு பேர் பொறுப்பேற்று வாங்கி, கடைசித் தேதி வைத்து, பதினாறாம் நாளுக்கு முன்பு முடித்துவிடுங்கள். குழுவில் மொத்தத் தொகையை மட்டும் சொல்லுங்கள். யார் எவ்வளவு என்று பட்டியல் போட்டால், 500 கொடுத்தவர் 50,000 கொடுத்தவருக்குப் பக்கத்தில் கூசி நிற்பார், அடுத்த முறை குழுவை விட்டே போய்விடுவார். கருமாதியில் உருமா (தலைப்பாகை) கட்டும் இடத்தில் போய் நண்பர்கள் பணம் நீட்ட வேண்டாம். அது பங்காளி, சம்பந்தி முறை. முந்தின நாள் சாயந்திரம் கவரில் வைத்துக் கொடுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற எங்கள் கணக்கு வாத்தியாருக்கு நினைவு மலர் போட ஆசை. பதினாறாம் நாளுக்குள் முடியுமா? (முன்னாள் மாணவர்கள், ஆம்பூர்)

பதில்: முடியும், ஆசையைச் சுருக்கினால். ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்காகத்தான் வரும். நான்கு தாள், 16 பக்கம் என்று வையுங்கள். அட்டைக்கு இரண்டு போக 14 பக்கம். ஒரு பக்கத்தில் 11 பாயின்ட் எழுத்தில் 180 சொல் பிடிக்கும். ஆளுக்கு 100 சொல் என்றால் 25 பேர். ஐந்தாம் நாளோடு எழுத்தை வாங்குவதை நிறுத்துங்கள், ஒன்பதாம் நாளுக்குள் வெட்டித் திருத்துங்கள், பத்தாம் நாள் கடைக்குப் போனால் பதிமூன்றில் அச்சு கைக்கு வரும்.

எழுதச் சொன்னால் எல்லோரும் 'கண்டிப்பானவர், ஆனால் அன்பானவர்' என்றே எழுதித் தருவார்கள். அதனால் தலைப்பு கொடுக்காமல் கேள்வி கொடுங்கள்: கரும்பலகையில் எந்த மூலையிலிருந்து எழுதத் தொடங்குவார்? தப்பான விடைக்கு என்ன சொல்வார்? சைக்கிளை எங்கே நிறுத்துவார்? எழுத வராதவர்கள் குரல் பதிவில் சொல்லட்டும், யாராவது ஒருவர் கேட்டு எழுதுங்கள். வாத்தியார் வீட்டுக்கு ஐந்து பிரதி கூடுதலாகக் கொடுங்கள், வெளியூர் மகள்கள் கேட்பார்கள்.

கேள்வி: எப்படிச் செத்தார் என்று குழுவில் குடைகிறார்கள். (வாசகர், வேலூர்)

பதில்: 'வீட்டில் சொன்னால் சொல்கிறேன்' என்று அட்மின் ஒருமுறை எழுதிவிட்டு அதோடு விடட்டும். வீட்டாரிடம் போய் யாரும் கேட்கக் கூடாது.

கேள்வி: பழைய பக்கத்து வீட்டு அக்கா இறந்து ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது விசாரித்தால் புண்ணைக் கிளறியது போல ஆகாதா? துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' சொல்லக் கூடாது என்பார்களே, போனில் பேசினால் எப்படி முடிப்பது? (வாசகி, ஆரணி)

பதில்: ஆறு மாதத்தில் விசாரிப்பவர்கள் எல்லோரும் போய், வீடு காலியாக இருக்கும். தாராளமாகப் பேசுங்கள். ஆடி, தீபாவளி, பொங்கல் மாதிரி நாட்களுக்கு முந்தின வாரம் பேசினால் இன்னும் நல்லது. முதல் வருஷம் பண்டிகை இல்லாத வீடு அது. 'இப்பதான் தெரிஞ்சுது' என்று ஒரு தடவை சொன்னால் போதும், ஏன் தெரியாமல் போனது என்ற கதை வேண்டாம். அக்கா உங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய குழம்பைப் பற்றிப் பேசுங்கள். முடிக்கும்போது, 'சரிம்மா, வச்சிடட்டுமா?' என்று கேளுங்கள். அவர்கள் 'ம்' என்ற பிறகு வையுங்கள்.