அப்பா "இது அந்தப் பாட்டு இல்ல" என்றால் நம்புங்கள்

கேள்வி: கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் கேட்ட சோல், ஃபங்க், டிஸ்கோ என்ற அமெரிக்கப் பாட்டுகளை ஆப்பில் தேடிப் போட்டுக் கொடுத்தால், "பாட்டு அதுதான், ஆனா இது அது இல்ல" என்கிறார். ஞாபகப் பிசகா?

பதில்:

ஞாபகப் பிசகாக இருக்க வாய்ப்பு குறைவு. நான் பழைய ரெக்கார்டுகள் சேர்ப்பவன். இந்தப் புகாரை என் வயதுக்காரர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் அவர்கள் காது சொல்வதுதான் சரி. ஒரே பாட்டு ஒரே பெயரில் ஆப்பில் நாலு விதமாகக் கிடக்கும். உங்கள் அப்பா கேட்டது அதில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது மறுபதிவை. அந்தக் காலத்து ஒரிஜினல் பதிவின் உரிமை பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனியிடம்தான் இருக்கும், பாடியவரிடம் இருக்காது. ஒப்பந்தத்தில் சொன்ன வருடங்கள் கழிந்ததும் அதே பாட்டை அவர் வேறு கம்பெனிக்குப் பாடித் தரலாம். பின்னாளில் நிறையப் பேர் அப்படிப் பாடிக் கொடுத்தார்கள். அதில் தப்பே இல்லை, அவர்களும் பிழைக்க வேண்டுமே. ஆனால் கேட்பவருக்கு அது வேறு பாட்டு. என்னிடம் ஒரு டிஸ்கோ தொகுப்பு சிடி இருக்கிறது. முன்னட்டையில் மின்னும் கண்ணாடி உருண்டை, பெரிய பெரிய பெயர்கள். பின்னட்டையின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு வரி: அதே கலைஞர்கள் புதிதாகப் பாடிப் பதிவு செய்தது. போட்டுப் பார்த்தால் குரல் அவருடையதுதான், கொஞ்சம் தடித்திருக்கிறது. வயலின் கூட்டம் வர வேண்டிய இடத்தில் ஒரு கீபோர்டு, டிரம்ஸ் வர வேண்டிய இடத்தில் மெஷின்.

இங்கேதான் பாட்டே போய்விடுகிறது. ஃபிலடெல்ஃபியாவில் கென்னத் கேம்பிளும் லியோன் ஹஃபும் 1971இல் தொடங்கிய கம்பெனியின் பாட்டுகளில், சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் முப்பதுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்கள் கொண்ட எம்.எஃப்.எஸ்.பி. குழு வாசித்தது. அதன் டிரம்மர் எர்ல் யங். ஹெரால்ட் மெல்வின் அண்ட் த புளூ நோட்ஸின் 1973ஆம் வருடப் பாட்டு 'த லவ் ஐ லாஸ்ட்' கேளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் யங் காலால் பெரிய டிரம்மை மிதிக்கிறார். இரண்டு அடிகளுக்கு நடுவில் ஹை-ஹாட் என்ற ஜோடி உலோகத் தட்டுகள் 'ட்ஸ்ஸ்' என்று திறந்து மூடுகின்றன. டிஸ்கோ தாளம் என்று பிறகு உலகம் முழுக்க ஆடியது இதைத்தான். மெஷினில் இதைப் போட்டால் கணக்கு சரியாக இருக்கும், ஆட்டம் வராது.

கண்டுபிடிப்பது சுலபம். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் 'ரீ-ரெக்கார்டட்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பாட்டு விவரத்தில் வருடத்தையும் கம்பெனி பெயரையும் பாருங்கள். மோட்டவுன், ஸ்டாக்ஸ், அட்லாண்டிக், சால்சோல் போன்ற பெயர்கள் இருந்தால் பயமில்லை. கேள்விப்படாத கம்பெனியின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்றால் தள்ளிவிடுங்கள்.

அடுத்தது நீளம். நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓடும் 7 அங்குல ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு மூணு, நாலு நிமிடம்தான் நன்றாக ஒலிக்கும். ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1967இல் வெளியிட்ட 'கோல்ட் ஸ்வெட்' ஏழு நிமிடப் பாட்டு. அதை இரண்டாக வெட்டி முதல் பாகம் ஒரு பக்கம், இரண்டாம் பாகம் மறுபக்கம் என்று விற்றார்கள். ரேடியோவில் முதல் பாகத்தை மட்டும் கேட்டவருக்கு முழுப் பாட்டு புதிதாகத்தான் இருக்கும். டிஸ்கோவில் இது தலைகீழ். டாம் மோல்டன் என்பவர் நடன அரங்குக்காகப் பாட்டுகளை நீட்டி மிக்ஸ் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் ஸ்டுடியோவில் பாட்டைக் கோடாக வெட்டிப் பதிக்கும் 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோனதால் பெரிய தட்டில் வெட்டினார்கள். கோடுகளுக்கு நடுவில் இடம் தாராளமாகக் கிடைத்ததும் சத்தமும் பேஸ் என்ற அடி ஒலியும் எகிறின. இப்படிப் பிறந்ததுதான் 12 அங்குல சிங்கிள், அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டு. கடையில் விற்பனைக்கு வந்த முதல் ஒன்று 1976இல் சால்சோல் போட்ட 'டென் பர்சன்ட்', ஒன்பது நிமிடத்துக்கும் மேல். துறைமுகத்து டிஸ்கோவில் உங்கள் அப்பா ஆடியிருந்தால் (அம்மா பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்) அவர் மனதில் இருப்பது இந்த நீளமான வடிவம்தான். ஷிக் என்ற டிஸ்கோ குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டையும் ஆல்பத்தில் உள்ள எட்டு நிமிட வடிவத்திலேயே போடுங்கள். பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பேஸ் கித்தார் தனியாக வந்து நிற்கும் இடம் அதில்தான் தாராளமாக இருக்கிறது.

சோல் பாட்டுகளுக்கு இன்னொரு சிக்கல், மோனோ. இடது வலது என்று பிரிக்காமல் எல்லா ஒலியையும் ஒன்றாகச் சேர்த்துத் தருவது அது. 1959இல் பெர்ரி கார்டி வீட்டாரிடம் 800 டாலர் கடன் வாங்கி டெட்ராய்ட்டில் தொடங்கிய மோட்டவுன், 60களில் சிங்கிள்களை மோனோவில்தான் மிக்ஸ் செய்தது. கார் ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துச் சரிசெய்தார்கள். ஸ்டீரியோ மிக்ஸில் அந்த அடர்த்தி இருக்காது. சில பாட்டுகளில் வாத்தியங்கள் இடது வலது என்று பிரிந்து, நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். 'மோனோ', 'சிங்கிள் வெர்ஷன்' என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். என்னைக் கேட்டால், மோட்டவுனில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கித்தாரை மோனோவில்தான் கேட்க வேண்டும். வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டியவர் அவர். மோட்டவுன் பாடகர் மார்வின் கேயின் 1971 ஆல்பம் வரும்வரை, அத்தனை மோட்டவுன் ஹிட்டுகளில் வாசித்தும் உறையில் பெயர் வராத கூட்டத்தில் அவரும் ஒருவர்.

இவ்வளவு செய்தும் அவர் உதட்டைப் பிதுக்கினால், கொஞ்சம் காதின் வயதும் காரணமாக இருக்கலாம். வயதானால் முதலில் மங்குவது கீச்சு ஒலிகள். ஹை-ஹாட் அந்தப் பக்கம்தான். ஆப்பின் ஈக்வலைசரில் டிரெபிளை, அதாவது கீச்சு ஒலியை, ஏற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், போன் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள். அதில் பேஸ் கித்தார் வரவே வராது, ஃபங்க்கில் பாதிப் பாட்டு அதுதான். வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபையரும் பெட்டி ஸ்பீக்கரும் பரணில் கிடந்தால் இறக்குங்கள். ஒரு ப்ளூடூத் ரிசீவர் வாங்கிச் சொருகினால் போதும்.