கேள்வி – பதில்: சோவியத் நீதிமன்றத்தில் தராசு யார் கையில்?

கேள்வி: ‘நீதிபதிகள் சுதந்திரமானவர்கள்’ என்று சோவியத் அரசியல் சாசனத்திலேயே இருந்ததாமே! பிறகு கம்யூனிஸ்ட் கட்சி எப்படி உள்ளே நுழைந்தது? – திருநெல்வேலி வாசகர்

பதில்: இருந்தது, 1936 சாசனத்தின் 112-வது பிரிவு. ஆனால் அந்த நீதிபதி பதவிக்கு எப்படி வந்தார் என்று பாருங்கள். தேர்தல் உண்டு, வேட்பாளர் ஒருவர்தான். அவர் பெயரைத் தீர்மானிப்பது கட்சிக் குழு. 1958-க்குப் பிறகு பதவிக்காலம் 5 ஆண்டு. அடுத்த முறை பெயர் வராவிட்டால் வேலை போயிற்று. அதனால் பெரும்பாலும் யாரும் மிரட்ட வேண்டியதே இல்லை. அதையும் மீறி ஒரு வழக்கில் கட்சிக்கு அக்கறை இருந்தால் போன் வரும். இதற்கு மக்களே வைத்த பெயர் ‘தொலைபேசிச் சட்டம்’. கோப்பில் ஒரு வரிகூட இருக்காது. விவாகரத்து, வீட்டுத் தகராறு, சில்லறைத் திருட்டு போன்ற வழக்குகள் பெரும்பாலும் சட்டப்படியேதான் நடந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: சட்டத்தில் இல்லாத குற்றத்துக்கும் தண்டனை கொடுத்தார்களா? – சேலம் வாசகர்

பதில்: கொடுக்கச் சட்டமே வழி செய்திருந்தது. 1926 ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 16-வது பிரிவின்படி, ஒரு செயல் ‘சமூகத்துக்கு ஆபத்தானது’ என்று நீதிமன்றம் கருதி, அதற்கென்று தனிப் பிரிவு இல்லாவிட்டால், அதற்கு மிக நெருக்கமான குற்றத்தின் பிரிவில் தண்டிக்கலாம். சட்டம் குடிமகனுக்கு வேலி அல்ல, ஆளும் வர்க்கத்தின் கையில் உள்ள கருவி என்ற மார்க்சியப் பாடம் இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. 1934 டிசம்பர் 1, லெனின்கிராட் கட்சித் தலைவர் கீரவ் கொல்லப்பட்ட அன்றே இன்னொரு விதி வந்தது. பயங்கரவாத வழக்கென்றால் புலன்விசாரணை 10 நாளில் முடிய வேண்டும். குற்றப்பத்திரிகை, நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதற்கு 24 மணி நேரம் முன்னால்தான் கைக்கு வரும். வழக்கறிஞர் கிடையாது, மேல்முறையீடு கிடையாது, மரண தண்டனை உடனே நிறைவேறும்.

1958-இல் 16-வது பிரிவின் வழியை மூடினார்கள். பின்தேதியிட்டுத் தண்டனையைக் கூட்டக் கூடாது என்றும் எழுதினார்கள். மூன்றே வருடம்! 1961-இல் மாஸ்கோவில் கள்ளச்சந்தையில் வெளிநாட்டுப் பணம் மாற்றிய ரோகோதவுக்கும் ஃபைபிஷென்கோவுக்கும் முதலில் கிடைத்தது 8 ஆண்டு. அன்றைய சோவியத் தலைவர் குருஷ்சேவுக்குக் கோபம். மறுவிசாரணையில் 15 ஆனது. அதுவும் போதாதென்று ஜூலையில் புது ஆணை போட்டு, பழைய குற்றத்துக்கும் அதைப் பொருத்தி, இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். ஒரே குற்றம், மூன்று தீர்ப்பு.

கேள்வி: ஜூரி உண்டா? வக்கீல் வாதாடவே முடியாதா? – காரைக்குடி வாசகர்

பதில்: ஜூரி இல்லை. ஒரு நீதிபதியும், வேலையிடங்களில் தேர்ந்தெடுத்த இரண்டு சாதாரண மக்களும் அமர்வார்கள். மூவருக்கும் சம வாக்கு. இருவர் சேர்ந்தால் நீதிபதியைத் தோற்கடிக்கலாம். நடந்தது அபூர்வம், ஊர் அவர்களைத் ‘தலையாட்டிகள்’ என்றது.

வழக்கறிஞர் வருவது பொதுவாகப் புலன்விசாரணை முடிந்த பிறகே. அதற்குள் வாக்குமூலம் கோப்பில் ஏறியிருக்கும். ஆதாரம் ஓட்டை என்றாலும் நீதிபதி விடுதலை என்று எழுதத் தயங்குவார். காரணம், விடுதலை என்றால் அரசு வழக்கறிஞர் பெயரில் கரும்புள்ளி. அந்த அரசு வழக்கறிஞர் அலுவலகம்தான் நீதிமன்றத்தின் தீர்ப்புகளையும் கண்காணித்தது. எனவே ‘கூடுதல் விசாரணைக்கு’ என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே சில வழக்குகள் ஓசையில்லாமல் செத்துப்போகும். இன்னொரு தந்திரம், சிறையில் கழிந்த நாட்களையே தண்டனையாக எழுதி ஆளை வெளியே விடுவது. குற்றவாளி என்ற முத்திரை மட்டும் அவரோடு வீட்டுக்குப் போகும்.