கொய்யா இலை, கிராம்பு எல்லாம் சொத்தைக் கிருமியைக் கொல்லுமா? பேஸ்ட்டை விட்டுவிடலாமா?

கேட்டவர் வீட்டில் குழந்தைக்குச் சொத்தைப்பல் தொடங்கியிருக்கிறது. கொய்யா இலை, கிராம்பு, வேப்பங்குச்சி, ப்ரோக்கோலி என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறார்.

நான் மைக்ரோபயாலஜி படித்தவள். பல் மருத்துவர் இல்லை. நான் பார்த்தவரை, கிருமியைக் கொல்வதைவிட அதைப் பல்லில் ஒட்டவிடாமல் தடுப்பதில்தான் நம் செடிகொடிகள் கெட்டி. பேஸ்ட்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

சொத்தையில் பெரிய பங்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு. 1924-லேயே கிளார்க் என்பவர் இங்கிலாந்தில் சொத்தைப் பற்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்துவிட்டார். நாம் தின்கிற சர்க்கரையை வைத்து இது இரண்டு வேலை பார்க்கும். ஒரு பங்கை லாக்டிக் அமிலமாக மாற்றும். பல்லின் மேல் பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். இன்னொரு பங்கைப் பசையாக மாற்றி, அந்தப் பசையில் தானும் ஒட்டிக்கொண்டு, கூட வருகிற மற்ற கிருமிகளையும் குடிவைத்துவிடும். அமிலத்தை எச்சில் கழுவிவிடப் பார்க்கும். ஆனால் பசைப் படலத்துக்கு அடியில் எச்சிலால் எளிதில் போக முடியாது. அதனால்தான் என்னைக் கேட்டால் இந்தப் பசைதான் பெரிய வில்லன்.

இதை லேபில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கண்ணாடிக் குழாயில் குளுக்கோஸ் கலந்த திரவம், இன்னொன்றில் நம் வீட்டுச் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ். இரண்டிலும் அதே கிருமியை விட்டு ஒரு இரவு வைத்தோம். காலையில் குளுக்கோஸ் குழாயை ஆட்டினால் கிருமி கலங்கி வந்துவிடுகிறது. சுக்ரோஸ் குழாயில் கண்ணாடிச் சுவரோடு வெள்ளையாக ஒரு படலம். தண்ணீர் ஊற்றி அலசினாலும் அசையவில்லை. அன்றிலிருந்து மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு தூங்கும் குழந்தையைப் பார்த்தால் எனக்கு அந்தக் குழாய்தான் ஞாபகம் வரும்.

சரி, கொய்யா இலைக்கு வருவோம். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கொய்யா இலையிலிருந்து குவைஜாவெரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, இதே கிருமியிடம் சோதித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அது கிருமியைக் கொல்லவில்லை, வளரவிடாமல் நிறுத்தியது. அதற்கே ஒரு மில்லிக்கு 2 முதல் 4 மில்லிகிராம் வரை தேவைப்பட்டது. ஆனால் கண்ணாடியில் ஒட்டுவதையும் அமிலம் சுரப்பதையும் குறைக்க அதைவிடக் கம்மியான அளவே போதுமாக இருந்தது. சூட்டிலும் அந்தப் பொருள் கெடுவதில்லை. பாட்டிமார்கள் இலையைக் கொதிக்க வைத்துக் கொப்பளிக்கச் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

கிரீன் டீயில் உள்ள கேட்டச்சின்கள் என்ற பொருள்களும் அந்தப் பசையைச் செய்யும் என்சைமைத்தான் மட்டுப்படுத்துகின்றன. அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் கிருமிக்கும் சேர்த்துப் பந்தி வைத்த மாதிரி. அதிமதுர வேரிலும் இந்தக் கிருமிக்கு எதிரான பொருள்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் பிரஷர் உள்ளவர்கள் அதை அடிக்கடி மென்று விழுங்கக் கூடாது.

கிராம்பு வேறு கதை. அதன் எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால். கிருமியை நிஜமாகவே கொல்லும், நரம்பையும் மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களே துத்தநாக ஆக்சைடுடன் யூஜெனாலைக் குழைத்துத் தற்காலிகமாக அடைக்கிறார்கள். ஆனால் வலி நின்றால் சொத்தை நின்றது என்று அர்த்தமில்லை. அமைதியாக உள்ளே அரித்துக்கொண்டே போகும். எண்ணெயைக் கலக்காமல் ஈறில் வைத்தால் வெந்துவிடும்; குழந்தைக்கு அந்த எண்ணெயே வேண்டாம்.

ப்ரோக்கோலி செய்தி 2023-இல் வந்தது. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தினர், ப்ரோக்கோலி வகைக் காய்களால் கிடைக்கும் டிஐஎம் என்ற பொருள் இந்தக் கிருமியின் படலத்தை 90 சதவீதம் குறைத்ததாகச் சொன்னார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அது ஆய்வகத்தில் கிடைத்த முடிவு. தவிர, முட்டைக்கோஸ், ப்ரோக்கோலியைத் தின்னும்போது டிஐஎம் பெரும்பாலும் வயிற்று அமிலத்தில்தான் உருவாகிறது. பல்லைக் கடந்து போன பிறகு உருவாகி என்ன பயன்? பேஸ்ட்டிலோ மவுத்வாஷிலோ சேர்த்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான சிக்கல் நேரம்தான். குழாயில் மருந்தும் கிருமியும் இரவு முழுக்கச் சேர்ந்து கிடக்கின்றன. வாயில் கொப்பளித்துத் துப்பிய சில நிமிடங்களில் எச்சில் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போய்விடும். ஃப்ளோரைடு அப்படியில்லை. எச்சிலிலும் பல்லிலும் கொஞ்சம் தங்கி, கரைந்த தாதுக்கள் திரும்பப் படிய உதவுகிறது. அந்த வேலையைக் கொய்யாவோ வேம்போ செய்யாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஃப்ளோரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. ஃப்ளோரைடு அளவு 1000 பிபிஎம் என்று போட்டிருக்கிறதா என்று டியூபைத் திருப்பிப் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு போதும். தர்மபுரி பக்கம் மாதிரி நிலத்தடி நீரில் ஏற்கெனவே ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர் என்றால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கஷாயம் வைப்பதென்றால் நாலைந்து கொழுந்து கொய்யா இலையைக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் கொப்பளிக்கலாம். துவர்க்கிறதே என்று தேனோ நாட்டுச் சர்க்கரையோ சேர்க்காதீர்கள். துப்பத் தெரிந்த குழந்தைக்கு மட்டும் கொடுங்கள். அப்புறம், குழந்தையின் பல்லில் சாப்பாடு போய் மாட்டிக்கொள்ளும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால், எந்த இலையாலும் அது மூடாது. இந்த வாரமே கூட்டிக்கொண்டு போய் அடைத்துவிடுங்கள். தனியார் கிளினிக்குக்குச் செலவாகும் என்று தயங்கினால், அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.