போத்தலை வாங்க முதல் டயரைக் கழற்றிப் பாருங்கள்

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தினமும் மோட்டார் சைக்கிளில் திருகோணமலை டவுனுக்கு வேலைக்கு வந்து போகிறவர். பின் டயர் டியூப்லெஸ், உள்ளே டியூப் இல்லாதது. ஒரே மாதத்தில் மூன்று தரம் காற்றுப் போய்விட்டது. ஒரு கடையில் ஓட்டைக்குள் ரப்பர்த் திரி வைத்தார்கள். இரண்டாவது கடைக்காரர் "திரியெல்லாம் நிற்காது, உள்ளே டியூப் போடுங்கள்" என்றாராம். மூன்றாமவர் சீலன்ட், அதாவது டயருக்குள் ஊற்றினால் ஓட்டையை அடைக்கிற திரவப் போத்தலைக் காட்டி, இதை ஊற்றினால் டயர் தேயுமட்டும் பஞ்சரே வராது என்றாராம். மனைவியும் பிள்ளையும் ஏறுகிற வண்டி, எதைச் செய்வது என்று கேட்கிறார்.

முதலில் டயரை ரிம்மிலிருந்து கழற்றி உட்பக்கத்தைப் பாருங்கள். மூன்று கடைகளில் ஒன்றிலும் இதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். காற்றில்லாமல் கொஞ்சத் தூரம் ஓட்டினாலே டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசிபட்டு உள்ளே அரைபட ஆரம்பித்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரியை நுணுக்கிப் போட்ட மாதிரி கறுப்புத் தூள் கிடக்கும், பக்கச்சுவரைத் தடவினால் சொரசொரவென்று விரலில் படும். அந்தத் தூளைக் கண்டால் டயரை மாற்றுங்கள். ஓட்டையை எவ்வளவு நன்றாக அடைத்தாலும் அந்தப் பக்கச்சுவர் ஒருநாள் வெடிக்கும்.

தூள் இல்லை, ஓட்டை ரோட்டில் படுகிற பகுதியில் இருக்கிறது, 6 மில்லிமீற்றருக்கு மேல் இல்லை, அப்படியானால் ஒட்டலாம். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் யார் என்ன சொன்னாலும் ஒட்டக் கூடாது. திரி என்பது ரப்பர் பூசிய கயிற்றுத் துண்டு. ஓட்டையை அரம் மாதிரிக் கம்பியால் நன்றாகச் சுரண்டி, பசை தடவி, ஆணி எந்தச் சரிவில் ஏறியதோ அதே சரிவில் உள்ளே தள்ள வேண்டும். அவசரத்தில் சுரண்டாமல் பசையில்லாமல் சொருகி விடுகிறார்கள், ஒரு கிழமையில் கசிகிறது, பழி திரிக்கு வருகிறது. உங்களுடைய மூன்று பஞ்சரும் ஒரே ஓட்டையாகக்கூட இருக்கலாம், சவர்க்காரத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சரியாக வைத்த திரியும் வீடுபோய்ச் சேரத்தான். நிரந்தர வேலை என்றால் உட்பக்கமிருந்து காளான் வடிவத்தில் வைக்கிற ஒட்டுத்தான். உலகத்துக்கு டயர் ஏற்றுமதி செய்கிற நாட்டில் அந்த ஒட்டுப் போடத் தெரிந்த கடையைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது, இந்த வேலைக்கு ஒழுங்கான பயிற்சி கொடுக்க இவ்வளவு காலமாகியும் யாருக்கும் அக்கறையில்லை.

டியூப் போடச் சொன்னவரை மறந்துவிடுங்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெதுவாகத்தான் போகும், வண்டியை ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். டியூப் கிழிந்தால் அந்தக் கணமே இறங்கும். பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் அது வேண்டாம்.

இனி அந்தப் போத்தல். உள்ளே இருக்கிற நார்த்துகளும் பால் போன்ற திரவமும் காற்றோடு ஓட்டைக்குள் ஓடிப்போய் அடைத்துக்கொள்ளும், சின்ன ஆணி ஓட்டைக்கு அது வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் நம் வெயிலில் அது காயும். காய்ந்த பிறகு ஒரு பக்கமாகக் கட்டியாகிச் சில்லை ஆட்டும், வால்வை அடைத்துக் காற்றளவைப் பொய்யாகக் காட்டும், பிறகு ஒட்ட வந்தால் பசை பிடிக்காது. ஒருமுறை அப்படியொரு டயரைக் கழற்றினேன். பச்சைக் கூழுக்குள் இரண்டு ஆணி கிடந்தது, ரிம்மில் துரு, வண்டிக்காரருக்குப் பஞ்சரான விஷயமே தெரியாது. தெரியாமல் ஓடுவதுதான் ஆபத்து. பல போத்தலில் காலாவதித் திகதியும் இல்லை, நமக்கு விளங்குகிற மொழியும் இல்லை. இதைக் கவனிக்கவென்று அதிகாரிகள் இருக்கிறார்கள், கடைத் தட்டில் போத்தல் அப்படியே இருக்கிறது. நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அடித்துச் சொல்லுங்கள்.

ஒரேயொரு இடத்தில் நானே ஊற்றச் சொல்வேன். குச்சவெளிக்கு அப்பால் புல்மோட்டைப் பக்கம் இரவில் தனியாகப் போய்வருகிற ஒரு தங்கச்சி கேட்டார், கடையும் இல்லை, டயரைக் கழற்ற ஆளும் இல்லை. சரி, ஊற்றுங்கள் என்றேன். ஆனால் நல்ல டயராக இருக்க வேண்டும், அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது, ஊற்றியதும் மூன்று நாலு கிலோமீற்றர் ஓட்டிப் பரவ விட வேண்டும், ஊற்றிய திகதியை எழுதி வைக்க வேண்டும், கிழமைக்கொருமுறை டயரைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அடுத்தமுறை டயர் கழற்றும்போது கடைக்காரரிடம் சொல்லிக் கழுவ வேண்டும். இவ்வளவும் செய்வீர்களானால் ஊற்றலாம். நிலாவெளி ரோட்டில் உங்களுக்குத் தேவையில்லை.

இன்னொன்று, கடையில் டயரைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். ஒரு ஓட்டையோடு உள்ளே போனது நாலு ஓட்டையோடு வெளியே வந்ததை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், தண்ணீர்த் தொட்டிக்குள் கையும் ஊசியும் என்ன செய்கிறதென்று நமக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று ஆணி எங்கே என்று கேட்டுக் கையில் வாங்குங்கள். மாற்று டயர் மலிவாகத் தருகிறேன் என்பவரிடமும் கவனம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள், பழைய வண்டிகளையே ஓட்ட வேண்டியிருந்த அந்த இடைவெளியில் தேய்ந்த டயருக்குப் புதுப் பள்ளம் வெட்டிக் கறுப்புப் பூசி விற்கிற பழக்கம் நன்றாக ஊறிவிட்டது. பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது.

மாரி மழைக்குள் பஞ்சர் கூடத்தான் செய்யும். வெள்ளம் ஆணியையும் கண்ணாடியையும் ரோட்டோரம் ஒதுக்கிவிடும், நனைந்த ரப்பரில் அது லேசாக ஏறும். ஆகவே ஓரத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே ஓடுங்கள், காலையில் வண்டி சூடாக முதல் காற்றைப் பாருங்கள், அளவு வண்டியில் ஒட்டியிருக்கிறது, பின்னால் ஆள் இருந்தால் வேறு அளவு. ஒரு காற்றுமானி சொந்தமாக வாங்குங்கள், பெற்றோல் செட்டில் இருப்பதை நம்பி நான் ஒருநாளும் காற்றடித்ததில்லை.