கடைக்கு 'தொடுதோல்' என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: தோல் செருப்புக் கடை திறக்கப் போகிறோம். 'தொடுதோல்' என்று பெயர் வைக்கச் சொல்கிறார் நண்பர். தொட்டுப் பார்க்கிற தோல் என்று ஆகிவிடாதா? உண்மையிலேயே பழைய சொல்தானா? 'தொடுத்தோல்' என்று எழுத வேண்டுமா? பலகையில் 'செருப்பு' என்று போட வீட்டில் தயங்குகிறார்கள்.

பதில்: தாராளமாக வையுங்கள். சங்கச் சொல்தான். பட்டினப்பாலையில் 'தொடுதோல் அடியர்' என்று வருகிறது. செருப்பு அணிந்த காலை உடையவர்கள் என்று பொருள். கரிகாலனின் பகைவர் நாடு பாழாய்க் கிடப்பதைச் சொல்லும் இடம் அது. செருப்புக் காலோடு துடிப்பறை முழங்கத் திரண்டுவந்த எயினர் என்ற வேட்டுவர், தானியக் கூடுகளைச் சூறையாடிவிட்டுப் போகிறார்கள். வெறுங்கூட்டுக்குள் பட்டப்பகலில் கூகை, அதாவது ஆந்தை, குழறுகிறது. கொள்ளைக்காரர் காலில் இருந்ததே என்று யோசிக்க வேண்டாம், சொல்லில் குறை ஒன்றும் இல்லை.

'தொடு' என்பதற்குத் தீண்டுவது மட்டும் பொருளல்ல. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்ற குறளில் தோண்டுவது. தொடுதோலில் அணிவது, ஆக, காலில் அணியும் தோல். இந்தப் பொருளை நாம் பேச்சில் விட்டுவிட்டோம்; செருப்பைப் போடுகிறோம், மாட்டுகிறோம். கன்னடத்தில் 'தொடு' என்றால் இன்றும் உடுத்துவது, அணிவது. தெலுங்கிலும் செருப்பைத் 'தொடுக்கு'வதுதான்.

'தொடுத்தோல்' தவறு. இது வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. சுடுசோறு, ஊறுகாய் மாதிரி. ஆனால் 'செருப்புக் கடை'யில் க் கட்டாயம் வேண்டும். ஊரில் பாதிப் பலகைகளில் அதைக் காணோம்.

அப்புறம், 'செருப்பு' பற்றிய தயக்கம். அதை விட்டுவிடச் சொல்லுங்கள். அதுவும் சங்கச் சொல்லே. புறநானூற்றின் 257ஆம் பாட்டில் ஒரு வீரன் தன் பகைவருக்குச் 'செருப்பிடைச் சிறுபரல் அன்னன்'. செருப்புக்குள் மாட்டிய பொடிக்கல் எப்படி உறுத்தும் என்று நடந்து பார்த்தவருக்குத் தெரியும். பதிற்றுப்பத்து இன்னும் அழகு. பூழி நாட்டில் செருப்பு என்றே ஒரு மலை இருந்தது. பாடிய பாலைக் கௌதமனார், 'மிதியல் செருப்பு', அதாவது காலால் மிதிக்காத செருப்பு, என்று பிரித்துக் காட்டுகிறார். மலையைச் சொல்லும்போதுகூடக் கேட்பவர் மனதில் முதலில் வருவது காலில் போடுவதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு புழங்கிய சொல்லுக்கு ஏன் கூச்சம்?

பலகையில் 'தொடுதோல்' என்று பெரிதாகவும், கீழே 'தோல் செருப்புக் கடை' என்றும் எழுதுங்கள். கீழ்வரி இல்லாவிட்டால் பெல்ட், பை விற்கிற கடை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். 'தொடுதோல் காலணிகள்' வேண்டாம், ஒரே பொருளை இரண்டு தடவை சொன்னதாகும். பின்னாளில் ரப்பர், ரெக்சின் சரக்கே அதிகம் என்றாகும் என்றால் வேறு பெயர் பாருங்கள். தோல் என்று பெயரிலேயே சொல்லிவிட்டு வேறொன்றை விற்பது சரியல்ல.