காரை ஊர் மதிலுக்கு வெளியே விடுங்கள்

கேள்வி: அடுத்த மே மாதம் நான், கணவர், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார் என நான்கு பேரும் இத்தாலி போகிறோம். டஸ்கனி பகுதியில் வாடகைக் கார் எடுத்து, எட்டு நாளில் பதினோரு பழைய ஊர்களைப் பார்க்கத் திட்டம். கணவர் ஊட்டி மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர். மாமியாருக்கு மூட்டுவலி. சரிப்பட்டு வருமா?
- கோவை வாசகி

பதில்: உங்கள் கணவர் ஓட்டுவதைப் பற்றிக் கவலையே வேண்டாம், சகோதரி. ஊட்டியின் கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தவருக்கு டஸ்கனியின் மலைச்சாலை பெரிய விஷயமில்லை. சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது முதல் நாள் கொஞ்சம் தடுமாற வைக்கும், அப்புறம் பழகிவிடும்.

சிக்கல் ஊருக்குள் நுழையும் இடத்தில்தான். இத்தாலியின் பழைய நகர மையங்கள் பெரும்பாலும் இசட்.டி.எல். எனப்படும் கட்டுப்பாட்டுப் பகுதிகள். வெளி வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தடுப்புக் கம்பியோ போலீஸ்காரரோ நிற்க மாட்டார்கள். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட ஒரு பலகை, மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். மின்பலகையில் 'வார்கோ அத்திவோ' என்று எரிந்தால் உள்ளே போகக் கூடாது. வழி தவறி இரண்டு முறை நுழைந்தால் இரண்டு அபராதம். நீங்கள் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து வீட்டுக்கே கடிதம் வரும். உங்கள் விவரத்தைப் போலீஸுக்குக் கொடுத்ததற்கு கார் நிறுவனமும் தனியாகப் பணம் பிடித்துக்கொள்ளும். போனில் வரும் வரைபடத்தை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். மதிலுக்கு வெளியே உள்ள கார் நிறுத்தத்தின் பெயரையே போய்ச் சேரும் இடமாகப் போட்டு ஓட்டுங்கள். நீலக்கோடு என்றால் கட்டணம், வெள்ளைக்கோடு இலவசம், மஞ்சள்கோட்டில் நிறுத்தவே கூடாது.

அதனால் டஸ்கனியின் தலைநகரான பிளாரன்ஸில் இருக்கும் நாட்களுக்குக் கார் வேண்டவே வேண்டாம். அந்த நகரை நடந்தே பாருங்கள். கிளம்பும் நாளில் டிராம் பிடித்து விமான நிலையம் போய், அங்கே காரை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு ஊர் நிச்சயம் அதிகம். தினமும் பெட்டி கட்டி, அறை மாற்றி, மாமியாரை ஏற்றி இறக்கி அலைந்தால் ஒரு ஊரும் மனதில் தங்காது. பிளாரன்ஸைத் தவிர இரண்டே இடத்தில் தங்குங்கள். முதலில் லூக்கா. மேடு பள்ளம் இல்லாத ஊர் என்பதால் அவருக்கு ரொம்ப வசதி. ஊரைச் சுற்றி நான்கு கிலோமீட்டருக்கு மேல் மதில் அப்படியே நிற்கிறது. அதன்மேல் மரநிழலில் நடக்கலாம், மகள் சைக்கிள் ஓட்டலாம். சாய்ந்த கோபுரம் இருக்கும் பீசா பக்கத்தில்தான், அரைநாள் போதும்.

அடுத்து சியன்னா பக்கம் ஏதாவது ஒரு பண்ணை விடுதி. கார் இருப்பதன் பலன் அங்கேதான் தெரியும். சியன்னா மேட்டில் இருந்தாலும், சாந்தா கத்தரீனா கார் நிறுத்தத்திலிருந்து நகரும் படிக்கட்டு மேலே கொண்டுபோய் விடும். பேராலயத்தின் அருகே கூரையில்லாமல் நிற்கும் பெரிய சுவரை மகளுக்குக் காட்டுங்கள். ஆலயத்தை இன்னும் பெரிதாக்க 1339இல் முடிவெடுத்துக் கட்டத் தொடங்கினார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்தது, வேலை அப்படியே நின்றுபோனது.

உங்கள் பட்டியலில் வொல்தேரா இல்லை. தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். கோபுரங்களுக்குப் பேர்போன சான் ஜிமிஞானோவைப் பார்த்தவர்கள் பலர் பக்கத்திலிருக்கும் இந்த ஊரை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம். ரோமானியர்களுக்கும் முந்தைய எட்ருஸ்கன் மக்கள் எழுப்பிய வாசல் ஒன்று அங்கே இருக்கிறது. வளைவில் மூன்று கல் தலைகள். மழையும் காற்றும் தேய்த்து மூக்கும் கண்ணும் இருந்த இடமே தெரியாது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அந்த வாசலை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தது. ஊர்மக்கள் தெருவில் பாவியிருந்த கற்களைப் பெயர்த்து வந்து, அவசர அவசரமாக வாசலையே அடைத்து அதைக் காப்பாற்றினார்கள். நிதானமாக நின்று பாருங்கள். சான் ஜிமிஞானோவுக்கு மாலையில் போங்கள், சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பியிருக்கும்.

தெற்கே பியென்சாவும் மொந்தெபுல்சியானோவும் ஒரே நாளில் முடியும். பியென்சா சின்ன ஊர், மாமியார் சிரமமில்லாமல் சுற்றலாம். மொந்தெபுல்சியானோ செங்குத்தான ஏற்றம். அவருக்கு முடியவில்லை என்றால் கீழே ஒரு காபிக்கடையில் உட்காரட்டும். 1606இல் மதுரைக்கு வந்து தமிழ் கற்று, தமிழிலேயே எழுதி, தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற கிறிஸ்தவப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலியின் குடும்பம் இந்த மொந்தெபுல்சியானோக் குடும்பம்தான்.

மீதி வேலைகள்: கணவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், அங்கே நம் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமானால் இப்போதே பதிவு செய்யுங்கள், அங்கே கியர் வண்டிதான் அதிகம். முன்பணம் பிடிக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். மகள் 150 செ.மீ. உயரத்துக்குக் குறைவு என்றால் அவளுக்கான இருக்கையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.